மதுவம், பாண், சலரோகம்

என் கையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணக்கட்டி பிடித்த கை. இப்போது லவாலில் உணவுத் தொழிற்சாலையொன்றில் ஈரக் கையுறைக்குள் எட்டு மணிநேரம் கிடக்கிறது. விரலிடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, வெடித்து எரியும். கன்டிடா என்னும் மதுவத்தின் வேலை. பூச்சுமருந்துக்கு மாறும்; சில கிழமையில் திரும்பிவரும்.

பக்கத்தில் நிற்கும் தம்பி, "சேர், இதைப் படியுங்கோ" என்று நாலு போட்டோப்பிரதித் தாள்கள் தந்தார். உடம்பு முழுக்க மதுவம் பெருகிவிட்டதாம். களைப்பு, மறதி, மனச்சோர்வு எல்லாம் அதனால்தானாம். சீனி, பாண், வினாகிரி, காளான், புளிக்கவைத்தவை எதுவும் ஆகாது. களைப்பும் மறதியும் இல்லாத அகதி எவர்? நம்பிவிட்டேன். தோசையும் அப்பமும் நின்றன. சோற்றுக்குத் தடையில்லை என்பதால் பாணின் இடத்தையும் சோறே பிடித்தது.

இக்கருத்தை முன்வைத்தவர் அலபாமாவின் பேர்மிங்காம் நகர வைத்தியர் ஓரியன் ட்ரஸ். வில்லியம் குறூக் 1983இல் வெளியிட்ட 'த யீஸ்ற் கனெக்ஷன்' அதைப் பரப்பியது. 1990இல் வெளியான ஆய்வொன்றில், அதே நகரின் பல்கலைக்கழக வைத்தியர்கள் 42 பெண்களுக்கு நிஸ்ரற்றின் என்ற மதுவக்கொல்லியையும் மருந்தில்லாப் போலிக் குளிசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். யோனித்தொற்று மருந்துக்குக் கூடுதலாகத் தணிந்தது. களைப்பு முதலான ஏனைய முறைப்பாடுகளில் மருந்து போலியை விஞ்சவில்லை.

பட்டியலின் தருக்கமும் ஓட்டைதான். பாணின் மதுவம் வேறு இனம், போறணையிலேயே செத்துவிடும். கன்டிடாவோ சுகதேகிகள் பலரின் வாயிலும் குடலிலும் குடியிருப்பது. அது பெருக இடங்கொடுப்பவை ஈரம், நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், தளர்ந்த நோயெதிர்ப்பு, கட்டுக்கடங்காத சலரோகம்.

நாலு மாதம் கழித்துப் போன வைத்தியர் கையைப் பார்த்துவிட்டு, இரவில் எத்தனை தரம் சலம்போக எழும்புகிறேன் என்று கேட்டார். மூன்று. வெறுவயிற்று இரத்தச் சீனி லீற்றருக்கு 11 மில்லிமோல் இருந்தது. 7 என்றாலே சலரோகம். சீனி ஏறினால் மதுவத்துக்குத் தீனி. அதை விழுங்கவேண்டிய வெண்கலங்களும் சோர்ந்துபோகும். தெற்காசியரான நமக்கு இது மெல்லிய உடம்பிலும், வெள்ளையரைவிட இளவயதிலும் வருகிறது. தோசையைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் சோற்றைக் குவித்திருக்கிறேன்!

இப்போது குளிசையோடு, சோறு ஒரு சின்னக் கோப்பை. கோப்பையில் மிச்சமெல்லாம் கீரையும் பயற்றங்காயும். தேநீருக்குச் சீனியில்லை. றப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை; நனைந்தால் மாற்றுகிறேன். ஞாயிறுகளில் இரண்டு தோசை. விரலிடுக்கு ஆறிவிட்டது.

தம்பியையும் இரத்தம் சோதிக்கச் சொன்னேன். "எனக்குக் கையிலை ஒண்டுமில்லையே, சேர்" என்கிறார்.