தருக்கத் திறனும் தங்கவயல் இளைஞரும்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ஆம் ஆண்டில் சுரங்கப் பணியை மேற்கொண்டது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில், தந்தையைத் தொடர்ந்து மகனும் சுரங்கத்தில் இறங்குவது வழக்கமாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. இன்று அரசுப் பணியை நாடும் இளைஞருக்குப் போட்டித் தேர்வே வாயிலாக உள்ளது.

தொழில்நுட்பம் சாராப் பணிகளுக்கான இரயில்வே தேர்வை எடுத்துக்கொள்வோம். இதனைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம். 2024-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, முதற்கட்டத்தில் 90 நிமிடங்களில் 100 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் 30 வினாக்கள் தருக்கத் திறனைச் சோதிப்பவை. இப்பகுதிக்கு மிகுதியான நூலறிவு வேண்டுவதில்லை. முறையான பயிற்சியே வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 'எல்லாச் சுரங்கங்களும் ஆழமானவை. ஆழமானவற்றுள் சில வெப்பமானவை' என்பன கூற்றுகள். 'சில சுரங்கங்கள் வெப்பமானவை' என்பது முடிவு. இம்முடிவு சரியா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அதன் அடித்தளங்களின் கடும் வெப்பத்தைத் தங்கவயலில் அறியாதார் இலர். ஆகவே அவ்வூர் இளைஞர் 'சரி' என்று எழுதிவிடக்கூடும். ஆனால் அவ்விடை தவறு. 'ஆழமானவை' என ஒரு வட்டம் வரைக. அதனுள் 'சுரங்கங்கள்' என்னும் வட்டம் முழுமையாக அடங்கும். 'வெப்பமானவை' என்னும் வட்டமோ, சுரங்க வட்டத்தைத் தொடாமலேயே ஆழ வட்டத்தை வெட்டக்கூடும். எனவே அம்முடிவு உலகில் உண்மையாயினும் கூற்றுகளிலிருந்து பெறப்படுவதன்று. உண்மை எது என்பது வேறு. கொடுக்கப்பட்டதிலிருந்து விளைவது எது என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்தலே தருக்கப் பயிற்சியின் முதற்படியாகும்.

அடுத்தது, தாளில் குறித்துப் பழகுதல். உறவுமுறை வினாவிற்குக் குடும்பக் கிளைப்படம், திசை வினாவிற்குக் கோட்டுப்படம், இருக்கை வரிசை வினாவிற்குக் கட்டம் என ஒவ்வொன்றிற்கும் ஒரு படமுண்டு. முதலில் பிழையின்மைக்கும், பின்னர் விரைவுக்கும் பயிலுதல் நன்று.

ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். நான்கு விடைகளுள் ஒன்றைக் குருட்டுவாக்கில் குறித்தால் சராசரி ஆதாயம் சுழியமே. ஒன்றையேனும் உறுதியாக விலக்க முடிந்தால் துணிந்து எழுதலாம்.

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். அப்பயணத்தில் நாளொன்றுக்குப் பத்து வினாக்கள் என்று கொண்டால், ஆறு மாதங்களில் ஏறத்தாழ 1,800 வினாக்களில் பயிற்சி பெறலாம். தவறிய வினாக்களைத் தனியே குறித்துவைத்து மீண்டும் ஆராய்வது அப்பயிற்சிக்கு உரமூட்டும்.