கடல் போன கொற்கை; ஆறு வந்த தூத்துக்குடி!

முத்துக்குப் பெயர்போன கொற்கை இன்று ஒரு சிறு கிராமம். ஏரலுக்கு அருகே, நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது. கடலோ கிழக்கே ஏறத்தாழ 4 மைல் தள்ளி! பாண்டியர் துறைமுகம் இதுதானா என்று புதிதாக வருகிறவர்கள் திகைத்து நிற்பதுண்டு.

இதுவேதான். 1968-69ல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. நாணயம் அடித்த அக்கசாலையின் பெயர் இங்குள்ள சிவன் கோயிலின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பிறகு கடல் ஏன் விலகியது? தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். துறை தூர்ந்தது. வாணிபம் காயலுக்குப் போயிற்று. காயலும் தூர்ந்தது. பின்னர் முத்து வாணிபம் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தது.

நகரின் தாகம்

தூத்துக்குடியில் 1866ல் நகராட்சி ஏற்பட்டது. கப்பல்கள் வந்தன, பஞ்சாலையும் வந்தது. ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை! கிணறு தோண்டினால் உப்பு. கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வழங்கிய காலமும் உண்டு.

1909ல் நகராட்சித் தலைவரான குரூஸ் பர்னாந்து, இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். ஐந்து முறை அப்பதவியில் இருந்தவர் அவர். வல்லநாட்டில் தாமிரவருணித் தண்ணீரை எடுத்து, 15 மைலுக்குக் குறையாத தூரம் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவரும் திட்டம் அவர் முயற்சியால் 1927ல் நிறைவேறியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். இன்றும் அவர் பிறந்த நாளில் ஊரார் அவரது சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள்.

குடத்தோடு அலைந்த பெண்களின் நேரம் மிச்சமாயிற்று. நகராட்சி தந்த நன்மைகளில் இதைவிடப் பெரியது எது?

கடைமடையின் கவலை

ஆனால் ஆறு ஒன்றுதான், கேட்பவர்கள் பலர். தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால் தண்ணீர்தான் கொற்கைக் குளத்தை நிரப்புகிறது. நகரும் தொழிற்சாலைகளும் அதே ஆற்றையே நம்பியிருக்க, குளம் நிரம்புமா என்று கடைமடை விவசாயி வானத்தைப் பார்க்கிறார். கொற்கையைத் தூர்த்த வண்டல் அணையையும் விடவில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்த பிறகே 2015ல் அங்கே தூர்வாரும் பணி நடந்தது.

2023 டிசம்பரில் நேர்மாறான சோதனை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. 2008ல் மாநகராட்சியாக உயர்ந்த தூத்துக்குடியின் தெருக்களிலும் வெள்ளம். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் தண்ணீருக்குப் பாடு!

குழாயில் தண்ணீர் வரும்வரை நகராட்சியை நாம் நினைப்பதில்லை. வராத அன்றுதான் நினைக்கிறோம். வரி கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? குளத்தையும் காலையும் தூர்வாரினார்களா என்று நாமும் கேட்க வேண்டும். ஆற்றை மறந்த ஊர் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டாம். ஏரல் பக்கம் போனால் போதும், கொற்கை இருக்கிறது!