ஆறு நிமிட நடை

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய மூச்சைக்கொண்டு அவர்தம் நுரையீரலின் வலிமையை முழுமையாக அறிய இயலாது. ஓய்வில் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் குறைவு. நலிந்த நுரையீரலும் அதனை ஓரளவு ஈடுசெய்துவிடும். எழுந்து நடக்கும்போதே குறை வெளிப்படுகிறது.

தூசியும் மூச்சும்

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குப் 'பிசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அறிகுறி. புகைபிடித்தலும் விறகடுப்புப் புகையும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குக் காரணங்களாகின்றன.

அண்டையிலுள்ள திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலை வலம்வரும் முதியவர் ஒருவர் இருமுறை நின்று இளைப்பாறினால், வயதின் தளர்ச்சி என்றே பிறர் எண்ணுவர். அது நோயாகவும் இருக்கலாம். அதனை அளந்தறியும் எளிய வழியே ஆறு நிமிட நடைச் சோதனை.

சோதனை முறை

30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் நோயாளி தம்மால் இயன்ற விரைவில் முன்னும் பின்னும் நடப்பார், ஓடுதல் கூடாது. களைத்தால் நிற்கலாம், ஆயினும் கடிகாரம் நிற்காது. உடன் செல்வோர் முன்னே நடந்து அவரை விரைவுபடுத்தலாகாது. நடைக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பும், விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் வழியாக இரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் குறிக்கப்படும். மூச்சுத்திணறலை நோயாளியே 0 முதல் 10 வரையிலான எண்ணால் மதிப்பிடுவார். நெஞ்சுவலியோ தாங்கவியலாத திணறலோ தோன்றினால் சோதனை உடனே நிறுத்தப்படும். அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானவர்க்கு இச்சோதனை செய்வதில்லை.

அளவு தரும் துணிவு

திணறலுக்கு அஞ்சி நடையைக் குறைத்தால் கால் தசைகள் நலியும். நலிந்த தசைகளால் சிறு வேலையும் பெருந்திணறலைத் தரும். இச்சுழலை உடைப்பது மருத்துவர் மேற்பார்வையிலான உடற்பயிற்சி. எவ்வளவு நடக்கலாம், நடக்கும்போது ஆக்சிஜன் துணை வேண்டுமா என்பவற்றை முடிவுசெய்யச் சோதனை உதவுகிறது. பயிற்சிக்குப் பின் நடைத்தொலைவு ஏறத்தாழ 30 மீட்டர் கூடினாலே அது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நலிந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாவிடினும், வாழ்வின் எல்லை விரிய வழியுண்டு.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வான்படையினர்க்கு 12 நிமிட ஓட்டச் சோதனையை வகுத்தார். 1976இல் அது நுரையீரல் நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாயிற்று. 1982இல் ஆறு நிமிடமாகச் சுருங்கியது.