எல்லைக்கோடு அழிந்த பிறகு: உயிலும் மெய்ப்பிதழும்

ஒருவர் தம் மறைவுக்குப் பின் தம் சொத்து யாரைச் சேரவேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம் உயில். அந்த உயில் முறைப்படி எழுதப்பட்ட உண்மையான உயில்தான் என்று நீதிமன்றம் விசாரித்து, தன் முத்திரையிட்டு வழங்கும் சான்று மெய்ப்பிதழ். இதையே வழக்கறிஞர்களும் மக்களும் புரொபேட் என்பர். சென்னையில் இந்த மெய்ப்பிதழ் கட்டாயமா இல்லையா என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது, சொத்து எங்கே இருக்கிறது, உயில் எங்கே எழுதப்பட்டது என்பதுதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதப்பட்டிருந்தாலும் அந்த எல்லைக்குள் உள்ள நிலத்தையும் வீட்டையும் குறிக்கும் உயிலுக்கும் மெய்ப்பிதழ் இன்றி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று விதித்திருந்தது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் இதே நிலை இருந்தது.

அந்த எல்லை, பிரிட்டிஷ் ஆட்சிக்கால மதராஸ் நகரை ஒட்டி அமைந்தது. மாநகராட்சியின் எல்லை விரிவதாலேயே நீதிமன்றத்தின் எல்லை தானாக விரிவதில்லை என்பதால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அதற்கு வெளியிலேயே நின்றது. எனவே அந்த வட்டாரத்தில் உள்ள அயனம்பாக்கத்தில் எழுதப்பட்ட ஒரே உயிலில் அயனம்பாக்கத்து மனையும், எல்லைக்குள் உள்ள மயிலாப்பூர் வீடும் இடம்பெற்றிருந்தால், முன்னதற்கு மெய்ப்பிதழ் தேவைப்படவில்லை, பின்னதற்கு அது கட்டாயமாக இருந்தது. முஸ்லிம்களுக்கு இந்த விதி பொருந்தவில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே நீக்கியதால், இடத்தையும் சமயத்தையும் பொறுத்து வேறுபட்ட அந்தக் கட்டாயம் முடிவுக்கு வந்தது.

இதனால் சாதாரணக் குடும்பங்களுக்குச் செலவும் காலமும் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மெய்ப்பிதழ் என்ற முறையே ஒழிந்துவிட்டது என்று கருதுவது தவறு. தகராறு எழும் என்று அஞ்சுவோர் இன்றும் விரும்பி அதைப் பெறலாம். கட்டாயம் நீங்கியதன் உண்மையான விளைவு, நீதிமன்றம் முன்கூட்டியே சோதித்துத் தந்த பாதுகாப்பு இல்லாத நிலையில், உயிலின் வாசகமும் அதன் சாட்சிகளும் முழுச் சுமையையும் தாங்கவேண்டியிருக்கிறது என்பதே.

நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட உயிலும் நிறைவேற்றத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதற்குச் சென்னையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் அறங்களுக்கும் விட்டுச்சென்றார். ஆனால் அவருக்குப் பின் எழுந்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டு, நீதிமன்றத்தின் தலையீட்டால் அறநிதி மீட்கப்பட்ட பிறகே, 1842இல் அவர் பெயரால் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைச் சட்டமே பங்கிடுகிறது. அந்தப் பங்கீடு குடும்பம் எதிர்பார்ப்பதாக எப்போதும் அமைவதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகியோரை விட்டு இறக்கும் ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து நான்கு சம பங்குகளாகும். முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் இருக்கிறார், தந்தை இல்லை. அந்தத் தாயும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கில் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் உரிமை பிறக்கும் என்பதால், கணவர் வாங்கிய வீட்டை விற்க நினைக்கும் மனைவி, கணவரின் அண்ணன் தம்பிகளிடமும் அக்காள் தங்கைகளிடமும் விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்கவேண்டியிருக்கும். அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் இறக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம், அவரைப் பெற்றவர்களுக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போய்ச்சேரும். உழைத்துச் சேர்க்கும் பெண்கள் ஒவ்வொருவரும் உயில் எழுதவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

உயிலின் அடிப்படை நிபந்தனைகள் எளியவை. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் வெள்ளைத் தாளிலேயே தமிழில் உயில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, எழுதுபவர் கையொப்பமிடுவதைக் கண்டோ, அது தம் கையொப்பம் என்று அவர் சொல்லக் கேட்டோ, குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். பின்னாளில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்துக்கு வரவேண்டியிருக்கும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவரும், உயிலால் பயன் அடையாதவருமான சாட்சிகளைத் தேர்வது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்வது விருப்பத்தைப் பொறுத்தது; பதிவு உயிலுக்கு வலுச்சேர்க்குமே அன்றி, அதுவே முடிந்த முடிவான நிரூபணம் ஆகிவிடாது. சொத்தைச் சர்வே எண், மூலப் பத்திர விவரம், அடுக்குமாடி வீடாயின் நிலத்தின் பிரிபடாத பங்கு ஆகியவற்றுடன் குறிப்பிடுவதும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பதும் பிற்காலக் குழப்பத்தைத் தவிர்க்கும். ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ எழுத நேர்ந்தால், காரணத்தை உயிலிலேயே சொல்லிவிடுவது, ஐயத்துக்குரிய சூழலில் உயில் எழுதப்பட்டதாகப் பின்னர் எழக்கூடிய குற்றச்சாட்டை எதிர்கொள்ள உதவும்.

வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் நியமனதாரர், அதாவது நாமினி, பெயர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நிறுவனம் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கான ஏற்பாடுதான் அது. பங்குகளைப் பொறுத்தமட்டில் நியமனதாரர் வாரிசுகளை விலக்கும் உரிமையாளர் ஆவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வாழ்நாளிலேயே வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுப்போர், உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்டை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது என்பதை மறக்கலாகாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கத் தவறிய பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க வழி தருகிறது. அந்த வழி அடைபடாதிருக்க, பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைக்கவேண்டும்.

தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளை உள்ள குடும்பத்துக்கு உயில் மட்டும் போதாது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி அமையும் தனியார் அறக்கட்டளையில், சொத்து பொறுப்பாளரின் பெயரில் இருக்கும், பயன் முழுவதும் அந்தப் பிள்ளைக்குச் சேரும். பெற்றோருக்குப் பின்னும் மருந்துக்கும் உணவுக்கும் பணம் தவறாமல் வருவதற்கான ஏற்பாடு இது.

எல்லைக்கோட்டை அழித்ததோடு நாடாளுமன்றத்தின் பணி முடிந்தது. எஞ்சிய பணி குடும்பங்களுடையது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒருசேர எடுத்துவைத்து, உடலும் நினைவும் நன்றாயிருக்கும் காலத்திலேயே கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவருக்குத் தெரிவித்துவிட்டால், பிள்ளைகள் நீதிமன்றப் படிகளில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.