‘கேரியர்ஸ்’ பட்டனை அமுக்கினா என்ன வருது?

குமரி மாவட்டத்துல ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரியோட இணையதளத்தைத் திறந்து, மேல இருக்கிற ‘கேரியர்ஸ்’ பட்டனை அமுக்கிப் பாத்திருக்கீங்களா? இந்த எபிசோடுக்காக நான் சிலதைப் பாத்தேன். பேரு வேண்டாம். கழுத்துல ஸ்டெதஸ்கோப்போட ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சிரிக்கிற படம். ‘எங்கள் குடும்பத்தில் இணையுங்கள்’னு ஒரு வரி. கீழ ஒரு மெயில் ஐடி. முடிஞ்சுது. ஒரு இடத்துல நர்ஸ் வேலைக்கான படிவத்துல லிங்க்ட்இன் முகவரி கட்டாயம்னு போட்டிருந்தாங்க. மார்த்தாண்டத்துல இருந்து விண்ணப்பிக்கிற பிள்ளை அங்கயே ஜன்னலை மூடிட்டுப் போயிடும்.

ஆனா ‘ஆள் கிடைக்கல’ங்கிற புலம்பல் மட்டும் எல்லா இடத்துலயும் கேட்குது. நர்சிங் படிச்ச பொண்ணு இல்லாத தெருவை நம்ம ஊர்ல தேடித்தான் கண்டுபிடிக்கணும். அவங்கள்ல பலபேர் திருவனந்தபுரம், சென்னை, வளைகுடா, இங்கிலாந்துனு போறாங்க. முதல் காரணம் சம்பளம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஊர்லயே இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்குக்கூட, உள்ளூர் ஆஸ்பத்திரியில அந்த வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க வழியில்ல. சீனியர் அக்காவுக்கு வாட்ஸ்அப் பண்ணித்தான் கேட்கணும்.

இங்க ஒரு பழைய கதை சொல்றேன். 1922-ல எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த டி. ஹோவர்ட் சோமர்வெல்ங்கிற ஆங்கிலேய சர்ஜன், மலையில இருந்து இறங்கினதும் இந்தியாவைச் சுத்திப் பாக்கக் கிளம்பினார். அப்ப திருவிதாங்கூர்ல இருந்த நெய்யூருக்கும் வந்தார். அங்க லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில காத்திருந்த கூட்டத்துக்கு ஒரே ஒரு சர்ஜன். லண்டன்ல காத்திருந்த நல்ல வாய்ப்பை விட்டுட்டு நெய்யூருக்கே வேலைக்கு வந்துட்டார். 1924-ல மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். மத்தபடி பல வருஷம் அவரோட உலகம் அந்த ஆஸ்பத்திரிதான்.

எல்லாரும் சோமர்வெல் மாதிரி தியாகம் பண்ணணும்னு நான் சொல்ல வரல. கம்மி சம்பளத்துக்கு ‘சேவை’ன்னு பேரு வைக்கிற ஆட்களுக்கு இந்தக் கதையைக் கையில கொடுக்கவும் எனக்கு இஷ்டமில்ல. நான் கவனிச்சது வேற. அவர் வேலையை நேர்ல பாத்தார், பாத்துட்டு முடிவெடுத்தார். யாரும் அவருக்குப் பளபளப்பா ஒரு வாசகம் எழுதிக் காட்டல. கேரியர்ஸ் பக்கம் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்: வராமலே வார்டைப் பாக்க விடணும்.

அப்படின்னா என்ன எழுதணும்? அந்த சீனியர் அக்காகிட்ட கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுதணும். எந்த வார்டு, ஒரு ஷிப்ட்ல ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பாக்கணும், மாசத்துல எத்தனை நைட். ஹாஸ்டல் உண்டா, சாப்பாட்டுக்குப் பிடிப்பாங்களா. ஷிப்ட் முடிஞ்சு வடசேரி போனா தடிக்காரன்கோணத்துக்குப் பஸ் இருக்குமா, இல்ல ஆஸ்பத்திரி வண்டி விடுமா. பாண்ட் உண்டா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுப்பாங்களா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘வாங்க மாட்டோம்’னு ஒரு வரி எழுதினாலே போதும், பாதி பயம் போயிடும்.

சம்பளத்தைக் கையில வர்ற கணக்காப் போடுங்க. 18,000 ரூபாய் மொத்தச் சம்பளம், அதுல அடிப்படை 15,000-னு வச்சுக்குவோம். பி.எஃப். 12 சதவீதம், 1,800 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 போகும். மிச்சம் 16,065. முதல் மாசச் சம்பளம் வந்த அன்னைக்கு இதைக் கண்டுபிடிக்கிறவ ரெண்டாவது மாசமே வேற இடம் தேட ஆரம்பிச்சிடுவா.

“சம்பளத்தை வெளிய போட்டா பக்கத்து ஆஸ்பத்திரிக்காரன் ஐநூறு கூடக் கொடுத்து இழுத்துடுவான்”னு நிர்வாகத்துல சொல்வாங்க. அவருக்கு அது ஏற்கனவே தெரியும் சார். நர்ஸுங்க வாட்ஸ்அப் குரூப் உங்க அக்கவுண்ட்ஸ் செக்ஷனை விட வேகம். தெரியாம இருக்கிறது விண்ணப்பிக்க நினைக்கிறவளுக்கு மட்டும்தான். இங்கிலாந்தோட என்.எச்.எஸ். வேலை விளம்பரத்துல சம்பள வரம்பு, கடைசித் தேதி, விவரம் கேட்க யாரைக் கூப்பிடணும்னு எல்லாம் இருக்கும். நம்ம பிள்ளைங்க அதைப் படிச்சுட்டுத்தான் உங்க பக்கத்துக்கு வர்றாங்க.

சொல்லவே முடியாத சம்பளம்னா அது வெப்சைட் கோளாறு இல்ல. 2016-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அமைஞ்ச நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல உள்ள தனியார் ஆஸ்பத்திரி மாநில அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும், 50 படுக்கைக்குக் கீழன்னாலும் 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. மேல நான் போட்ட 18,000 அதுக்கும் கீழதான், கவனிச்சீங்களா? அந்த இடைவெளியை எந்த டிசைனரும் மூட முடியாது.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம்தான். வேலை அறிவிப்பை போஸ்டர் படமா மட்டும் போடாதீங்க. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தைத் தேடுபொறி சரியாப் பிடிக்கும்னு நம்ப முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம் வேணும். அதுல ‘ஜாப் போஸ்டிங்’ங்கிற குறியீட்டைச் சேர்த்தா, கூகுள் வேலைத் தேடல்ல பதவி, ஊர், சம்பளத்தோட காட்ட வாய்ப்பு உண்டு. 2018-ல இருந்து இந்தியாவுலயும் அது இருக்கு. படிவம் போன்ல ரெண்டு நிமிஷத்துல முடியணும்: பேரு, படிப்பு, நர்சிங் கவுன்சில் பதிவு எண், போன் நம்பர். கூடவே நர்சிங் சூப்பிரண்டெண்டை எந்த நேரத்துல கூப்பிடலாம்னு ஒரு வரி.

அப்புறம், ஆள் எடுத்தாச்சுன்னா அன்னைக்கே அந்த அறிவிப்பைத் தூக்கிடுங்க. போன வருஷத்து விளம்பரத்தைப் பாத்துட்டு, லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து, ரிசப்ஷன்ல ‘அது முடிஞ்சு போச்சேம்மா’ன்னு கேட்டுட்டுத் திரும்புற பொண்ணு, அடுத்த தடவை உங்க பக்கத்தைத் திறக்கவே மாட்டா. கூடப் படிச்ச நாற்பது பேருக்கும் சொல்லிடுவா.