கண் மினுங்கினால் அது பன்றியில்லை

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். "ஐயா, பன்றிக்கு எந்த டோர்ச் நல்லது? துவக்குக்கு ஸ்கோப் பூட்டலாமா?" என்று இப்போதும் வந்து கேட்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளியை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். அந்த வயிற்றெரிச்சலோடு வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது, துவக்கைப் பற்றிப் பிறகு பேசலாம், ஒரு பைனாகுலர் வாங்குங்கள் என்பதுதான்.

ஸ்கோப் வழியாகத் தேடுகிறவர் எதைப் பார்த்தாலும் குழலும் அதையே நோக்கி நிற்கும். புதருக்குள் அசைவது பக்கத்து லயத்துக்காரராகவும் இருக்கலாம்.

பைனாகுலரில் 7x50, 8x42 என்று போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரியும். 7x50 இல் அது 7 மி.மீ.; சட்டைப்பையில் அடங்கும் 10x25 இல் வெறும் இரண்டரை. மங்கலில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. அளவுக்கு விரியும், என் வயதில் 5 விரிந்தாலே பெரிது. எனக்கு 8x42 போதும். மடங்கு கூடினால் இரவில் நன்றாகத் தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

ஸ்கோப்புக்கும் இதே கணக்குத்தான். 56 மி.மீ. முன்கண்ணாடி வைத்த பெரிய ஸ்கோப்புகள் ஐரோப்பாவின் நீண்ட அந்திப்பொழுதுக்குப் பொருந்தும். இங்கே சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருக்கும் சொட்கனோ, முப்பது மீற்றருக்கு அப்பால் நம்பக்கூடியதல்ல. அதற்கு ஸ்கோப் வீண்செலவு.

காசை விளக்கில் போடுங்கள். எங்கள் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் நெற்றியில் கட்டும் வெள்ளை விளக்கு, கண்ணுக்கு முன்னாலேயே வெண்சுவர் எழுப்பிவிடும். விளக்கைக் கையில் வாங்கி, இடுப்பளவில் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் அந்தக் கூச்சம் குறையும். பன்றியின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகப் படாது, அதனால் தேடுவதற்குச் சிவப்பு நல்லது. ஆனால் சிவப்பொளியில் நிறங்கள் எல்லாம் ஒன்றுபோலாகிவிடும். இன்னதென்று தீர்மானிக்க வெள்ளை ஒளி வேண்டும். இரண்டும் உள்ள விளக்காகப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கண்ணொளி. சிறுத்தை, மரை, நாய், மாடு இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. டோர்ச் பட்டதும் பளிச்சென்று மினுங்கும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மனிதனுக்கும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துவது. வெயில் ஏறினால் இறப்பர்ப் பால் ஓட்டம் குறையும் என்று எங்கள் ஆட்கள் விடியுமுன்பே மலைக்குப் போவார்கள். கறுத்த மழைச்சட்டையோடு மரத்தடியில் குனிந்து வெட்டும் பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தால் ஓர் இருண்ட உருவம் மட்டும்தான் தெரியும். கண் மினுங்கவில்லை என்பதால் பன்றி என்று எண்ணிவிடக் கூடாது. தலை, காது, கால் மூன்றும் தெளிவாகத் தெரியாதவரை விரல் விசையில் போகவே கூடாது.

வெப்பத்தைக் காட்டும் தேர்மல் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை ஓர் உடம்பு நிற்பதைச் சொல்லும். யாருடையதென்று எப்போதும் சொல்லாது. கனமழையில் படம் மங்கும், பகல் வெயில் குடித்த பாறையும் வெள்ளையாகத் தெரியும். துவக்கில் பூட்டும் இரவுக் கருவி எதையும் வாங்குமுன்பும், விளக்கு வைத்துச் சுட முனையுமுன்பும், சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பொலிஸிலும் வனஜீவராசிகள் அலுவலகத்திலும் கேட்டே ஆகவேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கம்பிச் சுருக்கு வைத்தால் போதுமே என்பாரும் உண்டு. சுருக்குக்குக் கண் கிடையாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் அப்படியொரு சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, எங்கள் மாகாணத்து உடவளவைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பலனின்றி இறந்தது. தடுக்கினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கோ மனிதர்களின் காலைப் பறிக்கிறது. இரண்டையும் நான் மன்னிக்கமாட்டேன்.

காவலுக்குப் போகிறவர் எந்த மலையில், எத்தனை மணிவரை இருப்பார் என்பதை முதல்நாளே, வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணியிடம் சொல்லிவிட வேண்டும். பால் வெட்ட ஆள் இறங்குமுன் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும்.