சவுக்குக் கட்டைக்கு அடுப்பும் ஆலையும் போட்டி!

நெய்வேலி:
மண்ணைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி. சுற்றுக் கிராமங்களிலோ சவுக்கும் முந்திரியும். ஒரு காலத்தில் கரியும் கட்டையும் ஒரே அடுப்புக்கு மல்லுக்கு நின்றன!

நெய்வேலிக் கரியைக் கட்டியாக்கிச் சுட்டு, "லெக்கோ" என்று விற்றார்கள். 1960-களின் நடுவில் தொடங்கிய ஆலை அது. வீடுகளில் விறகுக்குப் பதில் லெக்கோ எரிந்தது. பிறகு கேஸ் வந்தது. ஆலையும் மூடியாச்சு.

அப்போ சவுக்கு?

கரூர் பக்கம் புகளூர் காகித ஆலை போன்றவை டன் கணக்கில் வாங்குகின்றன. சில்லுகளாக்கி வேகவைத்தால் கூழ். கூழுக்கு உலகச் சந்தை உண்டு. வெளிநாட்டுக் கூழ் மலிவாக வந்து இறங்கினால் ஆலைக்காரர் இங்கே விலையை ஏற்றுவாரா? வருஷக்கணக்கில் வளர்த்த விவசாயிதான் கையைப் பிசையணும். அந்த நேரம் கைகொடுப்பது விறகுக்கடையும் சாரக்கம்பு வியாபாரியும்தான்.

உலகில் வெட்டும் மரத்தில் ஏறக்குறைய பாதி எரிக்கத்தான் போகிறது. கிராமத்துச் சுள்ளி கப்பல் ஏறாது. தேக்கு விலையை அசைக்காது. சவுக்கு அப்படியல்ல. விறகுக்குக் கிராக்கி என்றால் ஆலையும் கூடக் கொடுத்தே ஆகணும்.

2011 டிசம்பர் 30-ல் "தானே" புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியது. சவுக்கும் முந்திரியும் சாய்ந்து கிடந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நின்றால் விலை எங்கே நிற்கும்?